அப்பா போனில் கல்யாணப் பத்திரிகை ஏபிகே, பெயரே இல்லாத ஒரு ஆப், அழிக்க முடியவில்லை. உதவி தேவை

நொய்யல்கரை | ஞாயிறு, காலை 7.40

வணக்கம் மக்களே. பதற்றத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 67 வயது. அம்மாவுடன் காங்கேயத்தில் இருக்கிறார், நான் வேலைக்காகக் கோவையில். வெள்ளிக்கிழமை இரவு சொந்தக்காரர் ஒருவருடைய எண்ணிலிருந்து வாட்ஸ்அப்பில் "கல்யாணப் பத்திரிகை, குடும்பத்துடன் வந்து சிறப்பிக்கவும்" என்று ஒரு ஏபிகே, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமல் நேராக ஆப் ஏற்றுகிற ஃபைல், வந்திருக்கிறது. அந்த வீட்டில் அடுத்த மாதம் நிஜமாகவே கல்யாணம் இருப்பதால் அப்பாவுக்குச் சந்தேகமே வரவில்லை, தொட்டுவிட்டார். ஏதோ அப்டேட் செய்யச் சொன்னதாம், ஓகே கொடுத்தாராம். மறுபடி ஏதேதோ கேட்டதாம், எல்லாவற்றுக்கும் "அலோ" கொடுத்தாராம். பத்திரிகை மட்டும் கடைசி வரை திறக்கவில்லை. நெட் ஸ்லோ போல என்று போனை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

நேற்று காலையிலிருந்து போன் இட்லிப் பானை மாதிரி கொதிக்கிறது. வாட்ஸ்அப் தானாக லாக் அவுட் ஆகிவிட்டது. மதியம் ஆளாளுக்கு போன் செய்து "என்ன மாமா, வீட்டில் யாருக்குக் கல்யாணம், பத்திரிகை அனுப்பியிருக்கிறீர்கள், திறக்கவே மாட்டேன் என்கிறது" என்று கேட்க ஆரம்பித்தபோதுதான் அம்மா என்னைக் கூப்பிட்டார். ராத்திரியே கிளம்பி வந்துவிட்டேன்.

செட்டிங்ஸில் ஆப் பட்டியலைக் கீழே வரை தள்ளிப் பார்த்தேன். பெயரே இல்லாமல், வெள்ளையாக ஒரு ஐகானோடு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஹோம் ஸ்கிரீனில் அது இல்லை. தொட்டால் அந்தப் பக்கம் ஒரு விநாடி திறந்து உடனே பின்னால் போய்விடுகிறது, யாரோ உள்ளே உட்கார்ந்து பேக் பட்டனை அழுத்துகிற மாதிரி. ஒருமுறை வேகமாகப் பார்த்ததில் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கலாக இருந்தது.

பணம் எதுவும் போகவில்லை என்கிறார் அப்பா, ஏனென்றால் மெசேஜ் எதுவும் வரவில்லையாம். நேராக ஃபேக்டரி ரீசெட் அடித்துவிடலாமா? தாத்தாவின் கடைசி வீடியோ உட்பட நான்கு வருடப் படங்கள் அதில்தான் இருக்கின்றன, அதுதான் யோசனை.

அரைத்தூக்கம் | காலை 7.52

*#21# டயல் செய்து பாருங்கள் ப்ரோ. ஃபார்வர்டட் என்று வந்தால் ஹேக் ஆகிவிட்டது என்று அர்த்தம், வராவிட்டால் பயப்பட வேண்டாம்.

கடைவீதி செல்போன் | காலை 7.58

நொய்யல், இதைப் படித்தவுடன் போனிலிருந்து சிம்மைக் கழற்றுங்கள். வைஃபை ஆஃப். மற்றதெல்லாம் அப்புறம். ரீசெட் இப்போது வேண்டாம், கை வைக்காதீர்கள்.

கவுன்டர் நம்பர் 4 | காலை 8.03

வங்கியில் வேலை செய்கிறேன், எந்த வங்கி என்று கேட்காதீர்கள். மெசேஜ் வரவில்லை என்பது நல்ல செய்தி இல்லை, தம்பி. இந்த வகை ஆப் கேட்கிற முதல் அனுமதியே எஸ்எம்எஸ்தான். ஓடிபி வந்தால் உங்கள் அப்பா பார்க்கும் முன்பே அதை அவர்களுக்கு அனுப்பிவிடும். டீஃபால்ட் எஸ்எம்எஸ் ஆப்பாகத் தன்னையே வைத்துக்கொண்டிருந்தால் வந்த மெசேஜை அழித்தும் விடும். பணம் போன தகவல் வராததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கழற்றிய சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு வங்கியின் மிஸ்டு கால் எண்ணுக்கு அடித்து இருப்பு எவ்வளவு என்று பாருங்கள், அப்படியே மினி ஸ்டேட்மென்ட்டும். அந்த ஆண்ட்ராய்டு போனில் வங்கி ஆப்பைத் திறந்து பார்க்காதீர்கள், நீங்கள் அடிக்கிற பின் நம்பரையும் அது பார்க்கும்.

நொய்யல்கரை | காலை 9.25

அக்கா சொன்னதுதான் நடந்திருக்கிறது. அம்மாவின் பட்டன் போனில் சிம்மைப் போட்டு மிஸ்டு கால் கொடுத்தோம். நேற்று அதிகாலை 4.10க்கு 9,999 ரூபாய், 4.13க்கு 4,500 ரூபாய். இரண்டும் டெபிட் கார்டில் ஆன்லைனில் எடுத்தது.

கார்டு பர்ஸில்தான் இருக்கிறது, நம்பர் எப்படிப் போனது என்று மண்டை காய்ந்து அப்பாவிடம் கேட்டால், மறந்துவிடுமே என்று கார்டை முன்னும் பின்னும் படமெடுத்து கேலரியில் வைத்திருக்கிறார். அது மட்டும் இல்லை, கான்டாக்டில் "ஏடிஎம் மாமா" என்று ஒருவர் இருக்கிறார். அந்த மாமாவின் நம்பரில் கடைசி நாலு எண்தான் பின். எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் சொல்லவும் மனம் வரவில்லை, நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

கார்டை பிளாக் செய்துவிட்டேன். சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடித்தேன், மூன்றாவது முறை கிடைத்தது. கணக்கு எண், எந்த நேரம், எவ்வளவு, பரிவர்த்தனைக் குறிப்பு எண் எல்லாம் கேட்டார்கள். பட்டன் போனுக்குப் புகார் எண் வந்துவிட்டது. சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் மீதியை நிரப்பச் சொன்னார்கள், என் லேப்டாப்பில் செய்துகொண்டிருக்கிறேன்.

கவுன்டர் நம்பர் 4 | காலை 9.41

நல்லது. 1930இல் பதிவானவுடன் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கோ வாலெட்டுக்கோ தகவல் போகும், அங்கே இன்னும் பணம் இருந்தால் முடக்குவார்கள். ஒரு நாள் தாண்டிவிட்டது, இருந்தாலும் சிலசமயம் கொஞ்சம் மாட்டும். ஆனால் முடக்கினார்கள் என்றால் உடனே கைக்கு வந்துவிடும் என்று எண்ண வேண்டாம், அதற்குத் தனி நடைமுறை இருக்கிறது.

1930இல் சொல்லியாயிற்றே என்று வங்கியை விட்டுவிடாதீர்கள். நாளை காலை கிளை திறந்தவுடன் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒரு நகல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளர் மேலும் இல்லாமல் வங்கி மேலும் இல்லாமல் வெளியே எங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் சொன்னவருக்கு இழப்பு கிடையாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாளென்றால் ஒரு வரம்புக்குட்பட்டு உண்டு.

பூனைக்குட்டி | காலை 9.50

ஆனால் இங்கே வாடிக்கையாளர் தவறு இருக்கிறதே? கார்டு போட்டோ கேலரியில், பின் நம்பர் கான்டாக்டில், கேட்ட அனுமதி எல்லாம் கொடுத்திருக்கிறார். வங்கி "உங்கள் கவனக்குறைவு" என்று ஒரு வரியில் முடித்துவிடும். பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள்.

கவுன்டர் நம்பர் 4 | காலை 10.06

சொல்வார்கள், மறுக்கவில்லை. நானே அந்த வரியைத் தட்டச்சு செய்திருக்கிறேன். கவனக்குறைவு என்று முடிவானால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது வாடிக்கையாளர் தலையில்தான், தெரிவித்த பிறகு போவது வங்கி தலையில். ஆனால் தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான் என்று அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. இவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை, பின்னையும் யாருக்கும் கொடுக்கவில்லை, திருடியது ஒரு ஆப். அதை எழுத வேண்டிய விதத்தில் எழுத வேண்டும். "தெரியாமல் நடந்துவிட்டது, மன்னிக்கவும்" என்று ஆரம்பிக்கிற கடிதங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். அப்படி எழுதாதீர்கள்.

கடைவீதி செல்போன் | காலை 10.30

சரி, பணம் பக்கம் ஓடிவிட்டது, இனி போனுக்கு வருவோம். முதலில் அந்த *#21# விஷயம். அது கால் ஃபார்வர்டிங் இருக்கிறதா என்று பார்க்கிற கோடு, ஹேக்கைக் கண்டுபிடிக்கிற மந்திரம் இல்லை. இதே மாதிரி இன்னொரு கோடை அடித்து, போன் ஆஃப் ஆனால் அழைப்பு வேறு எண்ணுக்குப் போகிற மாதிரி கம்பெனியே வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டு என் கடைக்கு வந்த ஆட்கள் உண்டு. *401* என்று ஆரம்பிக்கிற எண்ணை டயல் செய்யச் சொல்லி அழைப்பைத் திருப்புகிற மோசடி நடந்தது உண்மை, அதனால்தான் யுஎஸ்எஸ்டி, அதாவது இப்படி * # போட்டு டயல் செய்கிற கோடு, வழியாக ஃபார்வர்டிங் போடுவதை 2024 ஏப்ரல் 15லிருந்து நிறுத்தச் சொல்லி தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. நொய்யல் அப்பா விஷயத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இந்தப் போனில் நடந்தது என்னவென்றால், அவர் தொட்ட ஏபிகே வெறும் வாகனம். அது "அப்டேட்" என்று ஒரு போலிப் பக்கத்தைக் காட்டி, வெளியிலிருந்து ஆப் ஏற்ற அனுமதி வாங்கி, உள்ளே இன்னொன்றை இறக்கும். அந்த இரண்டாவதுதான் எஸ்எம்எஸ், கான்டாக்ட், கேலரி, எல்லாவற்றுக்கும் மேல் ஆக்சஸபிலிட்டி கேட்கும். ஆக்சஸபிலிட்டி என்பது கண் தெரியாதவர்களுக்குத் திரையைப் படித்துக் காட்டவும், கை முடியாதவர்களுக்குப் பதிலாகத் தொடவும் உண்டாக்கியது. அதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாகத் தொடும். நீங்கள் அழிக்கப் போனால் பின்னால் இழுக்கிறது பாருங்கள், அதுதான் இது. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அன்இன்ஸ்டால் மங்கலாக இருப்பது டிவைஸ் அட்மின், அதாவது போனை நிர்வகிக்கிற பதவியையும் வாங்கி வைத்திருப்பதால்.

அழிக்கும் முன் ஒரு வேலை. வேறு போனில் படமெடுங்கள்: ஆப் பட்டியலில் அது இருக்கிற இடம், ஆக்சஸபிலிட்டியில் ஆன் ஆகியிருப்பது, டிவைஸ் அட்மின் பக்கம், எஸ்எம்எஸ் அனுமதிப் பக்கம். பத்திரிகை வந்த மெசேஜ் அந்தச் சொந்தக்காரர் போனிலோ வேறு யாரிடமோ இருந்தால் அதையும். ஏபிகேவை மட்டும் "இதுதான் அது, பார்" என்று யாருக்கும் ஃபார்வர்ட் செய்துவிடாதீர்கள், போன மாதம் ஒருவர் அப்படித்தான் அண்ணன் போனையும் சேர்த்துக் கொண்டுவந்தார்.

அப்புறம் சேஃப் மோட். பவர் பட்டனை அழுத்தி, வருகிற பவர் ஆஃப் எழுத்தை விடாமல் அழுத்தினால் சேஃப் மோட் வேண்டுமா என்று கேட்கும். சில மாடலில் ஆஃப் செய்து ஆன் செய்யும்போது வால்யூம் கீழ் பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். சேஃப் மோடில் வெளியிலிருந்து ஏற்றிய எந்த ஆப்பும் ஓடாது, அதனால் பின்னால் இழுக்க ஆள் இருக்காது. அங்கே போய் முதலில் டிவைஸ் அட்மினில் அதன் டிக்கை எடுங்கள், பிறகு ஆக்சஸபிலிட்டியில் ஆஃப், பிறகு அன்இன்ஸ்டால். வரிசை முக்கியம்.

அரைத்தூக்கம் | காலை 10.37

ஓஹோ. நான் அந்தக் கோடை மூன்று பேருக்குச் சொல்லியிருக்கிறேன் அண்ணா. திரும்பக் கூப்பிட்டுச் சொல்கிறேன்.

மலைக்கோட்டை வாசி | காலை 10.45

எல்லாரும் சேர்ந்து ஒரு பெரிய மனிதரின் போனை ஆப்பரேஷன் தியேட்டர் ஆக்குகிறீர்கள். ஆண்டிவைரஸ் ஒன்று போட்டு ஸ்கேன் செய்தால் முடிந்தது. பிளே ஸ்டோரில் இலவசமாக நூறு கிடக்கிறது.

கடைவீதி செல்போன் | காலை 10.52

அந்த நூறில் பாதி என் கடைக்கு வியாபாரம் கொடுக்கிறது. "கிளீனர்", "பூஸ்டர்", "வைரஸ் நீக்கி" என்று ஏற்றிவிட்டு, போனை அன்லாக் செய்தாலே முழுத் திரைக்கு விளம்பரம் வருகிறது என்று கொண்டுவருவார்கள். பார்த்தால் விளம்பரம் போடுவதே அந்தக் கிளீனர்தான். விளம்பரம் எந்த ஆப்பிலிருந்து என்று தெரிய ஒரு எளிய வழி, விளம்பரம் திரையில் இருக்கும்போதே ரீசென்ட் பட்டனைத் தட்டுங்கள், யார் என்று அங்கே ஐகானோடு நிற்கும். போனில் ஏற்கனவே இருக்கிற, ஆப்களைச் சோதிக்கிற கூகுளின் பிளே ப்ரொடெக்டே ஆரம்பத்துக்குப் போதும். அது ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஆஃப் செய்யாமல் அது ஆஃப் ஆகியிருந்தால் அதுவே ஒரு துப்பு.

மலைக்கோட்டை வாசி | காலை 10.55

சரி சாமி.

நொய்யல்கரை | பிற்பகல் 1.15

சேஃப் மோட் வேலை செய்தது. மூலையில் சேஃப் மோட் என்று எழுத்து வந்ததும், அந்தப் பெயரில்லாத ஆப்பைத் தொட்டேன். இந்த முறை பக்கம் அசையாமல் நின்றது. ஒரு மாதிரி திருப்தியாக இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். கொடுத்த அனுமதிகள்: எஸ்எம்எஸ், கான்டாக்ட், போன், படங்கள், நோட்டிஃபிகேஷன் படிப்பது. பேட்டரி பக்கத்தில் "கட்டுப்பாடில்லை" என்று வைத்திருந்தது. டிவைஸ் அட்மினை எடுத்தபோது "இதை நிறுத்தினால் உங்கள் போனில் உள்ள எல்லாத் தகவலும் அழிந்துவிடும்" என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அம்மா கையைப் பிடித்துவிட்டார். அது அந்த ஆப்பே எழுதி வைத்த வாசகம்தானே என்று தைரியமாக அழுத்தினேன். ஒன்றும் அழியவில்லை.

அன்இன்ஸ்டால் ஆகிவிட்டது. ஆனால் பட்டியலில் "கூகுள் பிளே சர்வீஸ்" மாதிரி பெயரில் இரண்டு இருக்கின்றன. எது அசல்?

கடைவீதி செல்போன் | பிற்பகல் 1.24

ஆப் பக்கத்தின் அடியில் "ஆப் எங்கிருந்து இன்ஸ்டால் ஆனது" என்று ஒரு வரி இருக்கும். பிளே ஸ்டோர் என்றிருந்தால் பெரும்பாலும் சரி, வேறு ஏதாவது இருந்தால் சந்தேகம். அதைவிட எளிது: அசல் பிளே சர்வீஸை முழுதாக அன்இன்ஸ்டால் செய்யவே முடியாது, அப்டேட்டை நீக்குவதோ டிசேபிளோதான் காட்டும். தாராளமாக அன்இன்ஸ்டால் ஆகிறேன் என்று நிற்பது போலி.

அதையும் எடுத்துவிட்டு, தாத்தா வீடியோ, படங்களை எல்லாம் கேபிள் போட்டு லேப்டாப்பில் இறக்குங்கள். படமும் வீடியோவும் மட்டும். டவுன்லோட் ஃபோல்டரை மொத்தமாகத் தூக்காதீர்கள், அந்த ஏபிகே அங்கேதான் கிடக்கும். பிறகு ரீசெட் அடித்துவிடுங்கள். நான் அழித்துவிட்டேன், இனி தேவையில்லை என்று விடுகிற கட்டம் இது இல்லை. ரீசெட்டுக்கு முன் ஜிமெயில் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெரியாமல் அடித்தால் பழைய கணக்கைக் கேட்டு போன் பூட்டிக்கொள்ளலாம், அப்புறம் பில் காட்டி சர்வீஸ் சென்டரில் நிற்க வேண்டும்.

புகார் கொடுத்தாயிற்று, படங்களும் எடுத்தாயிற்று. ஆனால் காவல் நிலையத்தில் போனைக் கேட்பார்களோ என்று தோன்றினால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

சிங்கைச் செல்வம் | பிற்பகல் 2.02

இங்கே சிங்கப்பூரில் 2023இல் இதே கூத்துதான். ஃபேஸ்புக்கில் மீன், நண்டு, வீடு சுத்தம் செய்வது என்று மலிவாக விளம்பரம் போட்டு, ஆர்டர் செய்ய இந்த ஆப்பை இறக்குங்கள் என்று ஏபிகே அனுப்பினார்கள். அதன் பிறகு வங்கிகள் கடுமையாகிவிட்டன. வெளியிலிருந்து ஏற்றிய ஆப்புக்கு ஆக்சஸபிலிட்டி கொடுத்திருந்தால் வங்கி ஆப் திறக்கவே மாட்டேன் என்கிறது. முதலில் எல்லாரும் திட்டினோம். 2024 பிப்ரவரியில் கூகுள் இங்கேதான் முதலில் சோதனை போட்டது, எஸ்எம்எஸ் படிப்பது, ஆக்சஸபிலிட்டி மாதிரி அனுமதி கேட்கிற ஏபிகேவை பிரௌசர், மெசேஜ் ஆப் வழியாக இறக்கினால் பிளே ப்ரொடெக்ட் ஏற்றவே விடாது. பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்தார்கள்.

அப்பா போனில் அது தடுக்கவில்லையா?

நொய்யல்கரை | பிற்பகல் 2.20

பிளே ப்ரொடெக்ட் ஆஃபில் இருந்தது அண்ணா. ஆப் அணைத்ததா, "ஆஃப் செய்துவிட்டுத் தொடரவும்" என்று கேட்டு இவரே அணைத்தாரா தெரியவில்லை. கேட்டால் "எல்லாத்துக்கும் ஆமாம்தான் கொடுத்தேன்" என்கிறார்.

வாசலோரம் | பிற்பகல் 3.30

இழையைத் திசை திருப்புகிறேனோ தெரியவில்லை, ஆனால் இங்கே கேட்கலாம் என்று தோன்றியது. என் போனில் "சிஸ்டம் சர்வீஸ்" என்று ஒரு ஆப் இருக்கிறது. இன்ஸ்டால் ஆன இடம் பிளே ஸ்டோர் இல்லை. லொகேஷன், மைக், அழைப்புப் பட்டியல், எஸ்எம்எஸ், எல்லா அனுமதியும் இருக்கிறது. நான் எந்த ஃபைலையும் தொடவில்லை. நான் எங்கே போனேன், யாரிடம் பேசினேன் என்று வீட்டில் ஒருவருக்குத் துல்லியமாகத் தெரிகிறது. போன் லாக் அவருக்கும் தெரியும். இதையும் சேஃப் மோடில் போய் எடுத்துவிடட்டுமா?

கவுன்டர் நம்பர் 4 | பிற்பகல் 3.38

எடுக்காதீர்கள். இன்னும் எடுக்காதீர்கள் தங்கை. அந்த ஆப் நின்றவுடன் அது வைத்தவருக்குத் தெரியும். அப்போது அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கடைவீதி செல்போன் | பிற்பகல் 3.55

அக்கா சொன்னதை வழிமொழிகிறேன். இது வேறு ஜாதி. நொய்யல் அப்பா போனில் திருடன் வெளியே, அதனால் அவசரம். இங்கே ஆள் உள்ளே, அதனால் நிதானம்.

இதை எழுதுவதே அந்தப் போனிலா? அப்படியென்றால் இனி வேறு போனிலோ நம்பகமான தோழியின் போனிலோ எழுதுங்கள். அந்த ஆப் பக்கத்தை அந்தப் போனில் ஸ்கிரீன்ஷாட் எடுக்காமல் வேறு போனால் படமெடுத்து வையுங்கள். ஆப் இல்லாமலே பாதி வேலை நடக்கும் என்பதையும் பாருங்கள், வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பக்கத்தில் உங்களுடையது இல்லாத கணினி இருக்கிறதா, கூகுள் மேப்ஸில் லொகேஷன் ஷேரிங் யாருக்காவது ஆனில் இருக்கிறதா, ஜிமெயில் வேறு போனில் லாகின் ஆகியிருக்கிறதா. நான் பார்த்த பெரும்பாலானவற்றில் ஒற்று ஆப் கிடையாது, லிங்க்டு டிவைசஸ்தான். ஒருமுறை பத்து விநாடி போன் கையில் கிடைத்தால் போதும். பார்த்துக்கொள்ளுங்கள், உடனே லாக் அவுட் செய்யாதீர்கள்.

பயமாக இருந்தால் 181, பெண்கள் உதவி எண். உங்கள் போனிலிருந்து அடிக்க வேண்டாம், அழைப்புப் பட்டியலில் நிற்கும்.

வாசலோரம் | பிற்பகல் 4.10

புரிந்தது. நன்றி. என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு அங்கிருந்து பார்க்கிறேன்.

நடுநிசி ரயில் | மாலை 5.20

எல்லாம் சரி, அரசாங்கமே பெகாசஸ் என்கிற ஒற்று மென்பொருளை வைத்துக் கேட்கும்போது நாம் சேஃப் மோடில் போய் என்ன கிழிக்கப் போகிறோம்? என் போனில் பேசினால் அதே பொருளுக்கு விளம்பரம் வருகிறது, பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. கண்டிப்பாக ஒட்டுக்கேட்கிறார்கள்.

பூனைக்குட்டி | மாலை 5.44

பெகாசஸை இப்படித் தொட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்று இல்லை. 2019இல் வாட்ஸ்அப்பில் ஒரு ஓட்டை வழியாக, அழைப்பை எடுக்காமலே ஏறியது, உலகம் முழுக்க சுமார் 1,400 போன்கள் என்று வாட்ஸ்அப்பே வழக்குப் போட்டது. இங்கே உச்ச நீதிமன்றம் 2021இல் குழு அமைத்தது, 29 போனைப் பார்த்து ஐந்தில் ஏதோ மால்வேர் இருக்கிறது, பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. விஷயம் உண்மைதான், சிறியதும் இல்லை. ஆனால் அது பத்திரிகையாளர், வழக்கறிஞர், அரசியல்வாதி என்று தேர்ந்தெடுத்து ஏவுகிற சாமான். நீங்கள் அந்த ரகமா?

பேட்டரி எத்தனை வருடம் பழசு?

நடுநிசி ரயில் | மாலை 5.51

நாலு வருடம்.

பூனைக்குட்டி | மாலை 5.52

பேட்டரியை மாற்றுங்கள்.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9.10

கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைத்தது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வங்கியில் கடிதம் கொடுத்து முத்திரை நகல் வாங்கியாயிற்று. முதலில் கவுன்டரில் "இதெல்லாம் நீங்கள் ஆப் போட்டதால் வந்தது சார்" என்றுதான் ஆரம்பித்தார்கள். அக்கா சொன்ன மாதிரி, ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை, தகவல் தெரிந்த அன்றே கார்டை பிளாக் செய்து 1930இல் பதிவு செய்தோம் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மேனேஜர் வாங்கி வைத்துக்கொண்டார். தவறு யாருடையது என்று விசாரித்து முடிக்க 90 நாள் வரை ஆகுமாம்.

மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். படங்களே போதும் என்று சொன்ன பிறகுதான் ரீசெட் அடித்தேன். தாத்தா வீடியோ பத்திரமாக இருக்கிறது. ஜிமெயிலில் பார்த்தால் மீட்பு எண்ணை யாரும் மாற்றவில்லை, ஆனால் தெரியாத ஒரு போன் லாகின் ஆகியிருந்தது, வெளியேற்றிப் பாஸ்வேர்டை என் லேப்டாப்பில் மாற்றினேன்.

வாட்ஸ்அப்தான் இழுத்தடித்தது. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதால் அவர்கள் அப்பா எண்ணை வேறு போனில் பதிந்து, அதிலிருந்துதான் எல்லாருக்கும் பத்திரிகை அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நாம் கோடு வாங்கிப் போட்டால் டூ ஸ்டெப் பின், அதாவது வாட்ஸ்அப்பின் இரண்டாவது பூட்டு எண், கேட்கிறது, அதை அவர்கள் வைத்துவிட்டார்கள். ஏழு நாள் காத்திருக்க வேண்டுமாம். ஆனால் நாம் கோடு போட்ட அந்த நிமிடமே அவர்கள் வெளியே போய்விடுவார்கள் என்று படித்தேன், அதற்குப் பிறகு யாருக்கும் பத்திரிகை போகவில்லை.

அந்தச் சொந்தக்காரர் போனும் இப்படித்தான் போயிருக்கிறது. அவருக்கு வேறு யாரிடமிருந்தோ டிராஃபிக் அபராதம் என்று ஏபிகே. அவருக்கு பைக்கே கிடையாது.

கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. அப்பா எண்ணிலிருந்து போன பத்திரிகையை நான்கு பேர் தொட்டிருக்கிறார்கள். அப்பா டைரியை எடுத்து வைத்துக்கொண்டு பட்டன் போனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "நான்தானுங்க, அதைத் தொட்டீங்களா, தொட்டிருந்தா சிம்மைக் கழட்டிடுங்க" என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒருவர் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டார். கேட்டுக்கொண்டார், அடுத்த நம்பருக்குப் போனார்.

கடைவீதி செல்போன் | இரவு 9.32

பெரியவரிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசி பேர் வீட்டில் திட்டுவார்கள் என்று ஒரு வாரம் மறைத்துவிட்டுத்தான் வருவார்கள், அதற்குள் எல்லாம் போயிருக்கும்.

வாசலோரம் | புதன், காலை 11.05

அக்கா வீட்டிலிருந்து எழுதுகிறேன், அவர் போனில். படங்கள் எடுத்துவிட்டோம். லிங்க்டு டிவைசஸில் ஒரு கணினி இருந்தது, ஏழு மாதமாக. இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும். நன்றி எல்லாருக்கும்.

நொய்யல்கரை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 6.00

கடைசித் தகவல். 4,500 போன வாலெட்டில் பணத்தை முடக்கியிருக்கிறார்கள், திரும்ப வர வழி நடந்துகொண்டிருக்கிறது. 9,999 அன்றே ஏதோ கிஃப்ட் கார்டாக மாறிப் போய்விட்டது, அதற்கு வங்கி தற்காலிக வரவு வைத்திருக்கிறது, விசாரணை முடிவைப் பொறுத்து நிற்கலாம், திரும்பவும் எடுக்கலாம். வாட்ஸ்அப் வந்துவிட்டது, டூ ஸ்டெப் பின் இந்த முறை நாங்கள் வைத்தது. வெளியிலிருந்து ஆப் ஏற்றுகிற அனுமதியை எல்லா ஆப்பிலும் அணைத்துவிட்டேன். கார்டு படம் கேலரியில் இல்லை. ஏடிஎம் மாமாவையும் அழித்தாயிற்று.

புது கார்டு வந்ததும் அப்பாவே தனியாகப் போய் பின் போட்டுவிட்டு வந்தார். எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மனசில், வேறு எங்கே என்றார். அம்மா சமையலறையிலிருந்து, "காலண்டர் அட்டைக்குப் பின்னாடி" என்றார்.

கவுன்டர் நம்பர் 4 | மாலை 6.04

முருகா.